கயிறு பிடிக்கிற மச்சினன்

டேய் மச்சான்,

உன் மெயில் வந்து நாலு நாளாச்சு, பதில் லேட்டு, கோச்சுக்காத. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப சீரியல் எல்லாம் பளிச்சுன்னு தெரியுதாம், வீட்ல டிவி ஓயறதே இல்ல.

போன வாரம் வேலை விஷயமா கோத்தகிரி போயிருந்தேன். தொழில் பண்ற ஆதிவாசிங்ககிட்ட தொழில்முனைவோர் குணம் எவ்ளோ இருக்குன்னு ஒரு ஃபார்ம், ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும். முதல் கேள்வியே 'ரிஸ்க் எடுக்கத் தயங்குவீர்களா'. இத போய் ஒரு குறும்பர் பெரியவர்கிட்ட கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். ராத்திரில செங்குத்துப் பாறைல கொடியில பின்னின ஏணியப் பிடிச்சு இறங்கி, புகை போட்டு மலைத்தேன் எடுத்த ஆளு அவரு. சிரிச்சிட்டாரு. மேல கயித்துக்கு காவல் யாருன்னு கேட்டேன், பொண்டாட்டியோட தம்பியாம், தன் அக்கா வாழ்க்கைய அவனே கெடுத்துக்க மாட்டான்ல! இதுக்கு ஃபார்ம்ல கட்டமே இல்ல. 'லாபத்தைப் பெருக்கும் ஆர்வம்'னு இன்னொரு கேள்வி, இவங்க புழு இருக்கிற அடைய அப்படியே விட்டுட்டு வர்றவங்க, அடுத்த வருஷமும் தேனீ வரணுமே, அதுக்கு நான் ரெண்டு மார்க்கா போடறது?

அதுக்காக வியாபாரம் தெரியாதவங்கன்னு நினைச்சிடாத. அங்க ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனின்னு 2013லேர்ந்து நடக்குது, பங்குதாரருங்க எல்லாம் ஆதிவாசிங்கதான், தேன், மிளகு, காபி, சீயக்காய், இலவம்பஞ்சு, சிறுதானியம்னு விக்கிறாங்க, 2021ல ஐநா வளர்ச்சித் திட்டத்தோட ஈக்வேட்டர் பரிசு கூட வாங்கினாங்க. நான் பார்த்தது தேன் வாங்குற வேற ஒரு சின்ன இடம். தேனுக்கு ஒரு அக்கா பொறுப்பு. ஒரு சொட்டு எடுத்து ஈரம் அளக்கிற, சின்ன குழாய் மாதிரி இருக்கிற மீட்டர்ல விட்டு, ஜன்னல் பக்கம் திருப்பி ஒத்தக் கண்ணால பார்க்குது. ஈரம் 20 சதவீதம் தாண்டினா கணக்குல சேராது, பாட்டில்ல போட்டா புளிச்சுப் பொங்கிடும். அன்னிக்கு ஈரம் தாண்டின தேன கொண்டு வந்தது அந்த அக்காவோட சொந்த சித்தப்பா. ஒரு வார்த்தை பேசல, டின்ன தனியா ஓரமா வச்சிடுச்சு. அவரும் முகத்த சுளிக்கல, டீ குடிச்சிட்டு போயிட்டாரு.

நீ உன் மச்சினன கடைல பார்ட்னரா சேர்க்கலாமான்னு கேட்டிருந்த. போன வருஷம் வேணவே வேணாம்னு நான்தான் சொன்னேன், இப்ப லேசா குழப்பமா இருக்கு. கல்லாப்பெட்டி சாவிய மட்டும் ஆறு மாசம் நீயே வச்சுக்க.

தேன் ஒரு பாட்டில் வாங்கியிருக்கேன், தீபாவளிக்கு வர்றப்ப எடுத்துக்க, என் பையன் மிச்சம் வச்சா.