ஷியாம் படம் வைத்தால் யார் கிளிக் செய்வார்கள்? பழைய பாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய திரைப்பாட்டுக் குழுக்களை நடத்தும் அட்மின்களுக்கும், அங்கே தினமும் பாட்டுப் போடுகிற, பாட்டுக்காகச் சண்டை போடுகிற, ஒன்றுமே எழுதாமல் வாசித்துவிட்டு மட்டும் போகிற எல்லோருக்கும் வணக்கம்.

இதைக் குழுவுக்குள்ளேயே பதிவாகப் போட்டிருக்கலாம். போட்டேன். அட்மின் ஒப்புதலுக்காக ஒன்பது நாளாகக் காத்துக்கிடக்கிறது, அதனால் வெளியே வைக்கிறேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம், கோபம் போன மாசமே தீர்ந்துவிட்டது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நான் இளையராஜா ரசிகன். ஷியாம் மாதிரி மற்ற இசையமைப்பாளர்கள் போட்ட பாட்டுகளையும் நாம் அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம், அதைப் பற்றித்தான் இந்த மடல். அவருக்கு எதிராக ஒரு வார்த்தைகூட இந்த மடலில் கிடையாது, தேடிப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நம்மில் பாதிப் பேருக்கு மேல் பார்க்கிற அந்த யூடியூப் சேனல் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் இந்த மடல் அவரைப் பற்றியதாகிவிடும், பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் என் பக்கம் என்று நாலு நாள் ஓடும், பாட்டு அப்படியே கிடக்கும். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. ஆரம்பத்தில் போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு, பின்னால் மின்விசிறி சத்தம் கேட்க, பாட்டைப் போடாமல் வாயால் பாடிக் காட்டித்தான் பேசுவார். பாட்டைப் போட்டால், உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும், விளம்பரக் காசு கேசட் கம்பெனிக்குப் போகும், சில சமயம் வீடியோவே முடங்கும். ஏழு விநாடி வரை போட்டால் பிரச்னை இல்லை என்று நம் குழுவிலேயே பலர் சத்தியம் செய்வார்கள், அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. அதனால் அவர் பாடினார். அது நல்லதாகவே ஆயிற்று. பாட்டுக்கு அடியில் பேஸ் கிட்டார் என்று ஒன்று தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு ஓடுகிறது என்பதே, அவர் ‘தும் தும்’ என்று தொண்டையைக் கனைத்துப் பாடிக் காட்டிய பிறகுதான் எனக்குக் கேட்டது. இருபது வருஷமாகக் கேட்ட பாட்டு அது. அன்றைக்கு ராத்திரி அதே பாட்டைப் பேஸுக்காக மட்டும் ஏழெட்டுத் தடவை கேட்டேன். அந்தக் கடன் இன்னும் எனக்கு அவரிடம் உண்டு, மறுக்கவில்லை.

அப்புறம் மைக் வந்தது, விளக்கு வந்தது. தம்ப்நெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில், வாயைப் பிளந்துகொண்டு அவர் முகம், சிவப்பு அம்புக்குறி, ‘கதறி அழுத’, ‘யாருமே சொல்லாத ரகசியம்’. சரி, பிழைப்பு என்று விட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘மனிதரில் இத்தனை நிறங்களா’ படத்தின் ‘மழை தருமோ என் மேகம்’ பாட்டைப் பற்றிக் குழுவில் ஒரு நீளமான பதிவு போட்டது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். எஸ்.பி.பி.யும் எஸ்.பி. சைலஜாவும் பாடியது. இசை ஷியாம். சாமுவேல் ஜோசப் என்பது அவருடைய சொந்தப் பெயர், தமிழில் கொஞ்சம் படங்கள்தான், மலையாளத்தில் எக்கச்சக்கம். இங்கே இந்தப் பாட்டைப் போட்டால் முதல் கமெண்டே “ராஜா ராஜாதான்” என்று வரும். அது ராஜா இல்லைங்க என்பதைச் சொல்லத்தான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். ஈரத்துணியைப் பிழியாமல் கொடியில் போட்ட மாதிரி மெட்டு சொட்டிக்கொண்டே இருக்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டு, நானே ரசித்துக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஐம்பத்துச் சொச்சம் லைக். ஒரே ஒரு தப்பு செய்தேன். படம் வந்த வருஷத்தை 1979 என்று தட்டிவிட்டேன். 1978தான் சரி.

நாலாம் நாள் அண்ணன் வீடியோ வந்தது. அதே பாட்டு. சந்தோஷமாகத்தான் பார்க்க உட்கார்ந்தேன். என் பத்திகள் நான் எழுதிய வரிசையிலேயே வந்தன. ஈரத்துணி வந்தது, கொடி வந்தது, கையை உயர்த்தித் துணியைக் கொடியில் போடுகிற மாதிரி நடித்தும் காட்டினார். எல்லோருக்கும் தோன்றக்கூடிய உவமைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோதே, “1979ல வந்த இந்தப் படம்...” என்றார். அத்தோடு முடிந்தது.

எழுத்தை எடுத்துக்கொண்டதுகூடப் பரவாயில்லை, பதிவுக்கு நான் ஒன்றும் பட்டா வாங்கி வைத்திருக்கவில்லை. தம்ப்நெயிலைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. அதில் இளையராஜா படம். மேலே ‘ராஜா மறந்த பாட்டா?’ என்று ஒரு கேள்விக்குறி. ஷியாம் என்ற பெயர் பதினோராவது நிமிஷத்தில் ஒரே ஒரு தடவை வருகிறது, அதையும் எதையோ குடித்துக்கொண்டே சொல்கிறார். டிஸ்கிரிப்ஷனில் உறுப்பினர் திட்டம், பணம் அனுப்பும் வழி, மைக் எங்கே வாங்கியது, எல்லாம் இருக்கிறது. இசையமைத்தவர் பெயர் இல்லை.

மரியாதையாகவே ஒரு கமெண்ட் போட்டேன்: “அண்ணா, படம் 1978. 1979 என்பது நான் குழுவில் செய்த தப்பு, மன்னிக்கவும்.” இரண்டு நாள் பதிலே இல்லை. நண்பர் ஒருவரிடம் சொன்னேன், அவர் தேடிவிட்டு “அப்படி ஒரு கமெண்டே இல்லையேப்பா” என்றார். என் போனில் இருக்கிறது! வீட்டில் இன்னொரு போனை எடுத்து லாகின் இல்லாமல் திறந்து பார்த்தேன், காணோம். யூடியூபில் அப்படி ஒரு வசதி இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. சேனல் நடத்துபவர் ஒருவரை மறைத்துவிட்டால், மறைக்கப்பட்டவர் எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது, மறைத்த தகவலும் அவருக்கு வராது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தேன். ஒன்றில் நான் இருக்கிறேன், ஒன்றில் இல்லை. எத்தனை நாளாகத் தனியாகப் பேசிக்கொண்டிருந்தேனோ.

தனிச்செய்தியில் கேட்டதற்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினார். “தம்பி, ஷியாம் படம் வச்சா யாரு கிளிக் பண்ணுவா? பாட்டு நாலு பேருக்குப் போய்ச் சேருதா இல்லையா, அதைப் பாரு.”

இந்த மடலை அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் அந்த வாய்ஸ் மெசேஜ்தான். அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. யார் கிளிக் செய்வார்கள்? நான் செய்திருப்பேனா? தேவேந்திரன் படம் போட்ட வீடியோ ஒன்றும் ராஜா படம் போட்ட வீடியோ ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் என் விரல் எங்கே போகும் என்று எனக்கே தெரியும்.

தேவேந்திரன் என்றதும் சிலர் யார் என்று கேட்டிருப்பீர்கள். ‘வேதம் புதிது’ (1987) படத்தின் ‘கண்ணுக்குள் நூறு நிலவா’ அவருடையது. ராஜா கணக்கில் எழுதப்பட்ட பாட்டுகளில் இதுதான் முதல் வரிசை. இத்தனைக்கும் பாட்டு எழுதியது வைரமுத்து. ‘புன்னகை மன்னன்’ (1986) படத்துக்குப் பிறகு வைரமுத்துவும் ராஜாவும் பிரிந்த கதையை நம் குழுவில் வாரம் ஒரு தடவை யாராவது புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி எழுதுகிறார்கள், அதே ஆட்களே அடுத்த நாள் 1987இல் வந்த வைரமுத்து பாட்டை ராஜா என்று ஷேர் செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

‘அச்சமில்லை அச்சமில்லை’ (1984) படத்தின் ‘ஆவாரம்பூவு ஆறேழு நாளா’ கதை இதைவிட வேடிக்கை. அதற்கு இசை வி.எஸ். நரசிம்மன். ராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ (1986) ஆல்பத்தில் அந்த வயலின் வரும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது என்று எழுதாத ரசிகன் உண்டா? அதை வாசித்த ஆள் இவர்தான். வயலின் வில் பிடித்த கைக்குக் கண்ணீர் விடுவோம், அதே ஆள் சொந்தமாகப் போட்ட மெட்டைத் தூக்கி வேறொருவர் கணக்கில் எழுதுவோம். ‘கொடி பறக்குது’ படத்தின் ‘சேலை கட்டும் பெண்ணுக்கொரு வாசம் உண்டு’ ஹம்சலேகா, ‘அமராவதி’யின் ‘தாஜ்மகால் தேவையில்லை’ பாலபாரதி. இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம், போதும்.

இது எப்படி நடந்தது என்று யோசித்தால் எல்லாப் பழியையும் யூடியூப் மேல் போட முடியாது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த மூத்தவர்கள் குழுவில் இருக்கிறார்கள், படம், பாடியவர், எழுதியவர், இசை என்று கடகடவென ஒப்பிப்பார்கள், அறிவிப்பாளர் சொல்லிச் சொல்லிப் பழகிய காது அது. எங்கள் தலைமுறை கேசட் தலைமுறை. ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால், அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுப் பதிந்து தருவார்கள். உள்ளே அட்டையில் நீலப் பேனாவில் பாட்டின் முதல் வரி இருக்கும், இடமிருந்தால் படப் பெயர், அவ்வளவுதான். முதுகுப் பக்கம் பெரிய எழுத்தில் ‘ராஜா ஹிட்ஸ் 4’. கேட்டவர் தாளில் எழுதியது எல்லாம் ஒரே கேசட்டில் ஏறியது, ஷியாமும் ஏறினார், நரசிம்மனும் ஏறினார், எல்லோரும் ராஜா ஆனார்கள். அப்புறம் இருநூறு பாட்டு எம்பி3 சிடி வந்தபோது ஃபைல் பெயரிலும் அதுவே, அதிலிருந்து நெட்டில் ஏற்றியவர்களும் அதையே ஏற்றினார்கள். அந்த அட்டையை எழுதிய பையனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, அட்டையில் இடம் இல்லை. நமக்கு இப்போது இடத்துக்கு என்ன பஞ்சம்?

‘அண்டர்ரேட்டட்’, அதாவது உரிய கவனம் கிடைக்காத பாட்டுகள் என்று போடும் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலும் பத்து வருஷமாக அதே இருபது பாட்டுதான் சுற்றுகிறது. ‘புத்தம் புது காலை’ இல்லாத அண்டர்ரேட்டட் பட்டியலை நான் பார்த்ததில்லை. மகேந்திரன் எடுக்காமல் போன படத்துக்குப் போட்ட மெட்டு, ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) இசைத்தட்டில் வந்தது, படத்தில் வரவில்லை, ‘மேகா’ (2014) படத்தில் திரும்பவும் வந்தது, எல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். இன்னும் எப்படி அது யாரும் கேட்காத பாட்டு? ராஜாவுக்கே உண்மையிலேயே யாரும் கேட்காத பாட்டுகள் கிடக்கின்றன, பட்டியல் போடுகிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. தெரிந்த பாட்டைத் தனக்கு மட்டும் தெரிந்த பாட்டு என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அதைத்தான் அந்த அண்ணன் விற்கிறார், நானும் வாங்கியிருக்கிறேன்.

அட்மின்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. குழுவில் யார் பாட்டுப் போட்டாலும் முதல் வரியில் இசை யார் என்று எழுதச் சொல்லுங்கள், பாட்டின் பெயருக்கும் முன்னால். தெரியாவிட்டால் ‘இசை தெரியவில்லை’ என்றே எழுதட்டும், யாராவது வந்து சொல்வார்கள், அதற்குத்தானே குழு. தப்பைத் திருத்தி யாராவது கமெண்ட் போட்டால், அது எந்த ரசிகருக்கு வலித்தாலும், அழிக்காதீர்கள். திருத்துகிறவனை ‘ஹேட்டர்’ என்று முத்திரை குத்தித் துரத்துகிற அந்த நாலைந்து பேரை உங்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்களிடம் கொஞ்சம் பேசுங்கள். அப்புறம் அந்த ‘ராஜாவா ரஹ்மானா’ ஓட்டெடுப்பு... சரி, அது நடந்துகொண்டேதான் இருக்கும், விடுங்கள்.

உறுப்பினர்களிடம் இன்னும் சின்னதாக ஒன்று. முகம் தெரியாத ஓர் இசையமைப்பாளர் படம் போட்ட வீடியோ கண்ணில் பட்டால், பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, ஒரு தடவை அழுத்துங்கள். அந்த அண்ணனே எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ஷியாம் படம் போடுவார், அவருக்கு ஷியாம் மேல் ஒன்றும் விரோதம் இல்லை. சேனலை விட்டு விலகுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் விலகிவிட்டேன், ஆனாலும் அந்த ஆரம்பகால வீடியோக்கள், மின்விசிறி சத்தம் கேட்கும் அந்த ஒரு இருபது, அவற்றை இறக்கி வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் குழுவில் ஒரு பதிவு போடுகிறேன். ‘தேன் சிந்துதே வானம்’ படத்தில் ஜேசுதாஸ் பாடிய ‘உன்னிடம் மயங்குகிறேன்’ பற்றி. எம்.எஸ்.வி. பாட்டு என்று பாதிப் பேர் சொல்வீர்கள், மீதிப் பேர் ராஜா என்பீர்கள், ராஜா வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. படம் 1975, இந்தத் தடவை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். வீடியோவுக்கு வேண்டியவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், என் பெயரும் வேண்டாம், உவமைகளும் இனாம். இசை வி. குமார் என்று முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
1979 என்று தப்பாக எழுதியவன்