9.9 பில்லியன் பவுண்களைப் பற்றி: பிரித்தானியப் பொதுச்சபையின் திறைசேரிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திறைசேரிக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2024 ஒக்டோபர் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தம் நிதி விதிக்கு (நடைமுறைச் செலவை வருமானத்துக்குள் அடக்க வேண்டும் என்பது) மேல் விட்டுவைத்த மிச்சம் 9.9 பில்லியன் பவுண். ஐந்து மாதம் கழித்து, வரவு செலவுப் பொறுப்பு அலுவலகமான ஓ.பி.ஆர். மறுபடி கணக்குப் பார்த்தபோது, அந்த மிச்சம் கரைந்து 4.1 பில்லியன் பற்றாக்குறையாகியிருந்தது. 2025 மார்ச் 26 அன்று ரீவ்ஸ் உரையை முடித்து உட்கார்ந்தபோது மிச்சம் மறுபடியும் 9.9 பில்லியன். அந்த ஆண்டுக்கான வளர்ச்சிக் கணிப்பு பாதியாகியிருந்தது, கடன் வட்டி ஏறியிருந்தது. தசமப் புள்ளி வரை மாறாமல் நின்றது இந்தத் தொகை மட்டும்தான். அதை அங்கே நிறுத்த என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதைத்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நிதியமைச்சரை முன்னால் இருத்திக் கேள்வி கேட்பது உங்கள் குழு. ஓ.பி.ஆர். தலைவரின் நியமனம் உங்கள் சம்மதம் இல்லாமல் சட்டப்படி செல்லாது.

கடன் சந்தையின் அழுத்தம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. 2022 செப்டெம்பர் 23 அன்று அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் 45 பில்லியன் பவுண் வரிக்குறைப்பை அறிவித்தார். அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லப்படவில்லை. ஓ.பி.ஆர். கணிப்பும் வெளியாகவில்லை. அரசு கடன் வாங்க விற்கும் பத்திரங்களான அரச முறிகளின் விலை சரிந்தது. ஓய்வூதிய நிதியங்கள் பல இந்த கில்ட் முறிகளை ஈடாக வைத்துக் கடன்பட்டிருந்தன. விலை விழுந்ததும் கூடுதல் ஈடு கேட்டார்கள். அதற்குக் காசு புரட்ட நிதியங்கள் கையிலிருந்த முறிகளையே விற்றன. விற்க விற்க விலை இன்னும் விழுந்தது. செப்டெம்பர் 28 அன்று முப்பதாண்டு முறியின் வட்டி 5 வீதத்தைத் தாண்டியபோது இங்கிலாந்து வங்கி உள்ளே இறங்கியது. ஒக்டோபர் 14க்குள் 19.3 பில்லியன் பவுணுக்கு முறிகளை வாங்க வேண்டியிருந்தது. குவார்ட்டெங் அன்றைக்கே பதவி இழந்தார். ஆறு நாளில் பிரதமர் லிஸ் ட்ரஸ் விலகலை அறிவித்தார்.

அந்த நாட்களிலிருந்து எடுக்க வேண்டிய பாடம், கணக்கைக் காட்டாமல் பெரிய முடிவெடுக்காதே என்பது. வெஸ்ட்மின்ஸ்டர் எடுத்துக்கொண்ட பாடமோ வேறு: ஒரு எண்ணை எப்பாடுபட்டாவது காப்பாற்று. இரண்டும் ஒன்றல்ல.

9.9 பில்லியன் எவ்வளவு மெல்லிய தொகை என்று பாருங்கள். அரசின் ஆண்டுச் செலவு 1.2 டிரில்லியனுக்கும் மேல். அதில் ஒரு வீதம்கூட இது வராது. 2010 முதல் நிதியமைச்சர்கள் விட்டுவைத்த சராசரி மிச்சத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். கடன் வட்டி மட்டும் ஆண்டுக்கு 100 பில்லியனைத் தாண்டுகிறது. கடனில் ஏறத்தாழ கால்வாசி ஆர்.பி.ஐ. என்ற சில்லறை விலைப் பணவீக்கத்தோடு கட்டப்பட்டது, விலைவாசி ஏறினால் கடனும் தானாக ஏறும். ஓ.பி.ஆரே 2025 மார்ச்சில், நடைமுறைச் செலவை வருமானத்துக்குள் அடக்கும் விதி நிறைவேற 54 வீத வாய்ப்புத்தான் உண்டு என்று எழுதியது. பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். அந்த நிச்சயமின்மைக்காக வெட்டப்பட்டவையோ மிக நிச்சயமான தொகைகள்.

மார்ச் 18 அன்று நலன்புரிச் சீர்திருத்தப் பசுமை அறிக்கை, அதாவது அரசின் ஆலோசனை ஆவணம், வெளியானது. 5 பில்லியனுக்கு மேல் சேமிக்கலாம் என்றார்கள். யாரை எப்படித் தாக்கும் என்ற மதிப்பீடு அதோடு வரவில்லை. ஓ.பி.ஆர். கணக்கில் அந்தச் சேமிப்பு குறைவாக வந்ததும், எட்டே நாளில் இன்னொரு வெட்டு சேர்ந்தது: குறைந்த வருமானத்தினருக்கான யூனிவர்சல் கிரெடிட் கொடுப்பனவின் உடல்நலப் பகுதி புதிய விண்ணப்பதாரருக்கு வாரம் 97 பவுணிலிருந்து 50 ஆவதோடு நில்லாமல், அந்த 50ம் பணவீக்கத்துக்கேற்ப ஏறாமல் முடக்கப்படும் என்றார்கள். மொத்தச் சேமிப்பு 4.8 பில்லியனுக்கு வந்தது. இது நோயாளியின் தேவையைப் பார்த்து எடுத்த முடிவு அல்ல. விரிதாளில் ஒரு கட்டம் நிரம்பாததால் எடுத்தது.

அதே திட்டத்தில், நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கான பிப் கொடுப்பனவுக்கு வைத்த நிபந்தனையைக் கிட்ட நின்று பாருங்கள். அன்றாட வாழ்க்கைப் பகுதியில் பத்துச் செயல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. எல்லாம் சேர்ந்து 8 வந்தால் அடிப்படைத் தொகை, 2025-26இல் வாரம் 73.90 பவுண். ஒருவருக்குச் சமைக்க உதவிச் சாதனம் வேண்டும்: 2 புள்ளி. இடுப்புக்குக் கீழே கழுவ ஒருவர் துணை வேண்டும்: 2. கழிவறையில் பிடிமானம் வேண்டும்: 2. கீழுடுப்பு அணிய ஒருவர் துணை வேண்டும்: 2. மொத்தம் 8, கொடுப்பனவு உண்டு. புதிய நிபந்தனைப்படி ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும். இவருக்கு இல்லை, ஆகவே ஒரு பென்ஸும் இல்லை. துணை தேவைப்படும் இடம் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே என்றால் அதற்கு 4 புள்ளி. கழுவ முடியாத இடம் இடுப்புக்கு மேலா கீழா என்பதில் ஆண்டுக்கு 3,800 பவுணுக்கு மேல் தொங்கியது.

இந்த நிபந்தனையால் சுமார் 8 இலட்சம் பேர் அந்தப் பகுதியை இழப்பார்கள் என்று ஓ.பி.ஆர். கணித்தது. மொத்தத் திட்டத்தால் 2,50,000 பேர், அவர்களில் 50,000 சிறுவர்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழே போவார்கள் என்று அரசின் சொந்த மதிப்பீடே மார்ச் 26 அன்று சொன்னது.

ஏன் இந்த இடத்தில் கத்தி விழுகிறது? விதி பார்ப்பது 2029-30 என்ற ஒற்றை ஆண்டை. கொடுப்பனவு வீதத்தை ஓர் அட்டவணையில் திருத்தினால் அந்த ஆண்டின் சேமிப்பு உடனே எண்ணாக வந்துவிடும். அதே ஆளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் கொடுத்து வேலைக்கு அனுப்பினால் வரும் வருமானம் மெதுவாக வரும், அளக்கவும் கடினம். வேலைவாய்ப்பு உதவிக்கு ஆண்டுக்கு 1 பில்லியன் வரை தருவதாக அரசு சொன்னபோதும், விவரம் காலம் கடந்து கிடைத்ததால் ஓ.பி.ஆர். அதன் பலனை மார்ச் கணிப்பில் சேர்க்க முடியவில்லை. எளிதில் எண்ணக்கூடியது வெட்டப்படுகிறது. எண்ணக் கடினமான நன்மை கணக்குக்கே வருவதில்லை.

அவசரத்தில் வெட்டியது சந்தையையாவது அமைதிப்படுத்தியதா? 2025 ஜூலை 1 அன்று, ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்து நிற்க, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே பிப் நிபந்தனை மசோதாவிலிருந்து எடுக்கப்பட்டது. கணக்கில் எழுதிய சேமிப்பு போயிற்று. மறுநாள், நிதியமைச்சர் பதவியில் நிலைப்பாரா என்ற சந்தேகத்தில் கில்ட் வட்டி துள்ளியது. சுமார் ஒரு கோடி ஓய்வூதியரின் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவும் அப்படித்தான்: 2024 ஜூலையில் நிறுத்தி, 2025 ஜூனில் 35,000 பவுண் வருமான வரம்போடு திரும்பக் கொடுத்தார்கள். இடையில் ஒரு குளிர்காலம் போய்விட்டது.

ஏழைகளின் கொடுப்பனவை இப்படிப் பென்ஸ் கணக்கில் அளக்கும் அதே ஏட்டில் ஒரு பெரிய கற்பனை இருக்கிறது. எரிபொருள் வரி 2011 முதல் லீற்றருக்கு 57.95 பென்ஸ், 2022 மார்ச்சில் அது 52.95 ஆகக் குறைந்தது. அரசு அறிவித்த கொள்கை என்பதால் ஒவ்வொரு கணிப்பும் அடுத்த ஆண்டு இந்த வரி பணவீக்கத்தோடு ஏறும் என்று எழுதும். 2011க்கும் 2025க்கும் இடையில் ஒருமுறைகூட அது ஏறவில்லை. வராத வருமானத்தை வரும் என்று எழுதி மிச்சம் காட்டலாம், வாரம் 73.90 பவுணை மட்டும் விட்டுவைக்க முடியாது என்பதை எந்த விதமாகவும் எங்களால் ஏற்க முடியவில்லை.

பிழையான எண்ணுக்குப் பணிந்த வரலாறு இந்த நாட்டுக்கு உண்டு. 1976இல் சர்வதேச நாணய நிதியத்திடம் 3.9 பில்லியன் டொலர் கேட்டு, அதற்காகச் செலவுகளை வெட்டினார் அன்றைய நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி. கடன் தேவை அன்று கணித்ததைவிடக் கணிசமாகக் குறைவு என்று பிறகு தெரிந்தது. சரியான எண் கையில் இருந்திருந்தால் அந்தக் கடனே தேவைப்பட்டிராது என்று அவரே பின்னாளில் சொன்னார்.

2025 நவம்பர் 26இல் மிச்சத்தை ஏறத்தாழ 22 பில்லியனாக உயர்த்தியதும், விதியை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அளப்பது என்று முடிவெடுத்ததும் நல்ல மாற்றங்கள். குடும்பத்தில் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் கொடுப்பனவு என்ற வரம்பை நீக்கியதை மனமார வரவேற்கிறோம். ஆனால் அதற்கு முந்திய வாரங்களை மறக்க வேண்டாம். புதிய நடவடிக்கைகளுக்கு முந்திய கணிப்பில் 4.2 பில்லியன் மிச்சம் இருப்பது ஒக்டோபர் 31 அன்றே திறைசேரிக்குத் தெரியும். வெளியே ஊகம் மட்டும்தான் ஓடியது. வருமான வரி உயர்வு கைவிடப்படுகிறது என்ற செய்தி கசிந்ததும் நவம்பர் 14 காலையில் கில்ட் வட்டி ஏறியது. அந்த 4.2 பில்லியன், வரவு செலவுத் திட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஓ.பி.ஆர். உங்கள் குழுவுக்கு எழுதிய கடிதத்தில்தான் வெளியே வந்தது.

ஆகவே உங்களிடம் ஐந்து விடயம் கேட்கிறோம். தாக்க மதிப்பீடு வெளியாகாத எந்த நலன்புரி வெட்டையும் நிதி விதிக்கான மிச்சத்தில் சேர்க்கக் கூடாது. பசுமை அறிக்கைக்கும் கணிப்புக்கும் இடையில் எட்டு நாள் போதாது, குறைந்தது ஆறு வாரமாவது வேண்டும். அந்த நவம்பர்க் கடிதத்தில் வந்ததுபோல, கணிப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் எவ்வளவு என்ற அட்டவணை ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தோடும் கட்டாயம் வெளிவர வேண்டும். எரிபொருள் வரி ஏறினால் ஒரு மிச்சம், ஏறாவிட்டால் ஒரு மிச்சம் என்று இரண்டும் முதல் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். மிச்சத்தை ஒற்றை எண்ணாகச் சொல்லும் நிதியமைச்சரிடம், விதி நிறைவேற எத்தனை வீத வாய்ப்பு என்பதையும் அதே வசனத்தில் சொல்லும்படி நீங்கள் வற்புறுத்த வேண்டும்.

ஓ.பி.ஆர். தலைவர் நியமனம் உங்கள் முன் வரும்போதெல்லாம், வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: கணிப்பு மூடும் கடைசி வாரத்தில், மதிப்பீடு இல்லாத ஒரு வெட்டைத் திறைசேரி கொண்டுவந்து நீட்டினால், அதற்கு எண் போட மறுப்பீர்களா?

இப்படிக்கு,
பிரித்தானியப் பொது நிதியையும் நலன்புரி விதிகளையும் வரிவரியாகப் படித்துவரும் தமிழ் வாக்காளர்கள்