சங்கீதப் பாடவேளையையும் சித்திரப் பாடவேளையையும் ஏன் நிறுத்த மாட்டோம்: பெற்றோருக்கு அதிபரின் மடல்

அன்புடைய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

தரம் 5 பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு கோரிக்கை எழுதித் தந்திருக்கிறீர்கள். புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை சங்கீதம், நடனம், சித்திரம், கைப்பணி ஆகிய பாடவேளைகளை நிறுத்தி, அந்த நேரத்தில் மாதிரி வினாத்தாள் செய்விக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நேரம் போதாது என்று தரம் 8, 9 பெற்றோரும் இதையே வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர்களோடு இருந்து பேசினோம். அந்தப் பாடவேளைகளில் ஒன்றைக்கூட நேரசூசியிலிருந்து எடுக்கப் போவதில்லை. ஏன் என்று விளக்க வேண்டியது என் கடமை.

பரீட்சையை நான் குறைத்துப் பேசவில்லை. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுக்கும் பிள்ளைக்குத் தரம் 6 இல் பெரிய பாடசாலை ஒன்றில் இடம் கிடைக்கலாம். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணமும் உண்டு. அந்தப் பணம் சில வீடுகளுக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். ஆகவே தரம் 5 இல் வினாத்தாள் பயிற்சி நடக்கிறது, தொடர்ந்தும் நடக்கும். ஆனால் காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவில் கடந்தகால வினாத்தாள், சனி ஞாயிறில் கருத்தரங்கு என்று ஓடும் பத்து வயதுப் பிள்ளைக்கு, கையாலும் காலாலும் குரலாலும் படிக்க மிஞ்சியிருக்கும் நேரம் இந்தப் பாடவேளைகள்தான். அதையும் நாங்கள் பறித்தால் பிள்ளைக்கு அது எங்கேயும் கிடைக்காது.

ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம். எங்கள் முன்னோர் கல்வியைத் தொடக்கியதே கையிலிருந்துதான். எங்கள் தரம் 1 வகுப்பில் அதையே நீட்டிச் செய்கிறோம். முற்றத்து மணலில் பெரிதாக எழுத்தைக் கீறி, பிள்ளை அதன்மேல் நடந்து பார்க்கிறது. பிறகு வண்ணக்கட்டியால் தாளில் கீறுகிறது. பென்சிலும் கொப்பியும் அதற்குப் பின்னர்தான். 'என்ரை பிள்ளை இன்னும் கொப்பி நிரப்பவில்லையே' என்று தாய்மார் கவலைப்படுவது இந்த வகுப்பில்தான். எழுத்தின் வளைவு உடம்பில் பதிந்துவிட்டால் கொப்பி தானாக நிரம்பும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாளத்தைப் பற்றி கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கீதப் பாடவேளையைத்தான் முதலில் வெட்டச் சொன்னீர்கள். ஆதி தாளத்துக்கு 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை: லகு என்ற அங்கத்துக்கு 4, துருதம் என்ற இரண்டு அங்கங்களுக்கும் இரண்டிரண்டு. முதற்கால வேகத்தில் ஓர் அட்சரத்துக்கு ஒரு சுரம் பாடிய பிள்ளை, இரண்டாங்காலத்தில் இரண்டும் மூன்றாங்காலத்தில் நான்கும் பாட வேண்டும். அரைப்பங்கையும் காற்பங்கையும் பிள்ளை தன் கையிலேயே போட்டுப் பார்க்கிறது. தரம் 7 இல் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மும்மூன்றாகவும் மறுபக்கம் நந்நான்காகவும் எண்ணி, ஒவ்வொரு எண்ணிக்கையின் தொடக்கத்திலும் கைதட்ட விடுகிறோம். ஒன்றாகத் தொடங்கிய இரு பக்கமும் 12 எண்ணி முடிந்ததும் மறுபடி ஒரே தட்டில் சேரும். பொது மடங்குகளுட் சிறியதைக் கரும்பலகையில் எழுதுவது அதற்குப் பிறகுதான். சங்கீதம் படித்தால் கணிதப் புள்ளி கூடும் என்று நான் வாக்குத் தரவில்லை. அப்படி வாக்குத் தந்து சங்கீதத்தை விற்கவும் எனக்கு விருப்பமில்லை. புள்ளி கூடினாலும் கூடாவிட்டாலும், நாற்பது பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே சுருதியில் நிற்கத் தெரிந்த பிள்ளை மற்றவர் குரலைக் கேட்கத் தெரிந்த பிள்ளை.

தரம் 4 இல் சார்வோலை என்ற இளம் பனையோலையில் பின்னல். ஓலையை வார்ந்து, ஒரே அகலத்துக்குக் கிழித்து, ஒன்றுக்கு மேலும் ஒன்றுக்குக் கீழும் என்று கோக்கிறார்கள். ஓரிடத்தில் தவறினால் உடனே தெரியாது, நாலு வரி தாண்டித்தான் தெரியும். அவிழ்த்து, தவறிய இடத்தைத் தேடி, திரும்பப் பின்ன வேண்டும். ஆசிரியரின் சிவப்புப் பேனை இவ்வளவு தெளிவாகப் பேசாது. அழுகிற பிள்ளையும் உண்டு. அடுத்த கிழமை அதே பிள்ளை குட்டான் என்ற சின்ன ஓலைப்பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, தயவுசெய்து அதை மூலையில் போட்டுவிடாதீர்கள்.

இது நாங்கள் தனியே கண்டுபிடித்த வழி அல்ல. தாகூர் 1901 இல் சாந்திநிகேதனில் மரநிழலில் தொடங்கிய பள்ளியில் பாட்டும் ஓவியமும் நடுவில் இருந்தன. 1919 இல் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் ஒரு சிகரெட் தொழிற்சாலையின் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ருடோல்ஃப் ஸ்ரைனர் தொடங்கிய வால்டோர்ஃப் பள்ளியில், ஒரே வகுப்பாசிரியர் முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை பிள்ளைகளோடு கூடவே போவார். ஒரு பாடத்தைச் சில கிழமைகளுக்குத் தொடர்ந்து எடுத்து, அதைக் கதையாலும் படத்தாலும் பாட்டாலும் படிப்பிப்பார்கள். எல்லாவற்றையும் நாங்கள் அப்படியே எடுக்க முடியாது. எங்களுக்குத் தேசிய பாடத்திட்டம் இருக்கிறது. ஒரு பாடத்தைச் சில கிழமைகள் ஆழமாகத் தோண்டும் முறையை மட்டும் எடுத்திருக்கிறோம்.

தரம் 6 இல் அப்படித் தோண்டியது தண்ணீரை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, பாரமான உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது அதனால்தான். பிள்ளைகள் கண்ணாடிக் குவளையில் சாயமிட்ட உப்புத்தண்ணீரை ஊற்றி, அதன்மேல் நல்ல தண்ணீரை மெதுவாகக் கரண்டியால் விட்டு, இரண்டும் பிரிந்து நிற்பதைக் கண்டார்கள். பிறகு தங்கள் வீட்டுக் கிணற்றின் குறுக்குவெட்டைக் கீறினார்கள். துலா மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த காலத்தைப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வந்தார்கள். கீறுவதற்காகப் பார்க்கும் பிள்ளை, பார்ப்பதற்காக மட்டும் பார்க்கும் பிள்ளையைவிடக் கூடுதலாகக் காண்கிறது.

தரம் 8 பிள்ளைகளுக்கு, வாடைக்காற்று எழும் காலத்தில், பட்டம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏறும் பட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சமச்சீர் அச்சைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. முச்சையை, அதாவது நூல் கட்டும் முடிச்சை, ஒரு விரல் அளவு இடம் மாற்றிக் கட்டினால் பட்டம் காற்றுக்குக் காட்டும் சாய்வு மாறுகிறது. பட்டத்தில் கட்டி ஒலிக்கவிடும் விண் என்ற நாணை இறுக்கினால் ஒலி கூர்மையாகிறது. விஞ்ஞான ஆசிரியர் இரண்டு பாடங்களை முற்றத்திலேயே முடித்துவிட்டார்.

தரம் 9 இல் நாடகம். 1978 இல் இங்கே நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், பாடசாலைப் பிள்ளைகளுக்காக நாடகம் எழுதிப் பழக்கிய மண் இது. பதின்நான்கு வயதில் பிள்ளை வீட்டில் பேச்சைக் குறைக்கிறது, கைத்தொலைபேசிக்குள் போகிறது. இன்னொருவராக நின்று பேசக் கிடைக்கும்போது, தன் வாயால் சொல்ல முடியாத கோபத்தையும் பயத்தையும் அது வெளியே விடுகிறது. சாதாரண தர வகுப்புகளுக்கு முன் இருக்கும் இந்த ஆண்டில் அதை நிறுத்தச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

இந்தத் தவணைத் தேர்ச்சி அறிக்கையில் அழகியல் பாடங்களுக்குப் புள்ளியோடு வகுப்பாசிரியரின் ஒரு பந்தியும் இருக்கும். புள்ளியைப் பார்க்க முன் அந்தப் பந்தியை வாசியுங்கள். பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தவணை முடிவில் பிள்ளைகளின் வேலைகளை வகுப்பறைகளில் வைப்போம். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. ஓலை இழைக்கத் தெரிந்த, காத்தவராயன் கூத்துப் பாட்டுத் தெரிந்த பாட்டன் பாட்டிமார் உங்கள் வீடுகளில் இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். காலைப் பாடவேளைகளில் அவர்கள் வந்து பிள்ளைகளோடு இருப்பது எங்களுக்குப் பேருதவி. தரம் 4 பிள்ளைகளுக்குச் சார்வோலை தேவைப்படுகிறது. காணியில் பனை உள்ளவர்கள் வெட்டிக் காயவைத்து அனுப்பினால் நன்று.

என்னோடு உடன்படாத தரம் 5 பெற்றோர், பாடசாலை விட்டபின் எந்த நாளும் அலுவலகத்துக்கு வரலாம். வரமுன் ஒரு பாடவேளை பிள்ளையின் வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

அன்புடன்,
அதிபர்