வாயில் வெட்டியெடுத்த கட்டியைக் குப்பையில் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வாயில் கட்டி என்றால் ஒன்று புகையிலைப் புற்று, இல்லையேல் பல் கடித்துத் தடித்த சதை என்று முடிவுகட்டிவிடுகிறோம். நரம்புறை, கொழுப்பு, தசை, இரத்தக் குழாய் ஆகியவற்றில் எழும் அரிய கட்டிகள் இந்த இரண்டுக்கும் நடுவே கவனத்திலிருந்து நழுவுகின்றன. அதனால்தான் வெட்டியெடுத்த கட்டி எதுவானாலும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள் என்கிறோம்.

நாக்கில் வரும் கிரானுலர் செல் கட்டியையே (குருணை போன்ற செல்களாலான கட்டி) பாருங்கள். வலி இருக்காது, பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிய கெட்டியான முடிச்சு. 1926-இல் ரஷ்ய நோயியல் மருத்துவர் அப்ரிக்கோசாவ் இதை விவரித்தபோது தசையில் தோன்றுவதாகக் கருதினார். நரம்பைச் சுற்றியுள்ள ஸ்வான் செல்களே மூலம் என்பது பின்னாளில் தெளிவானது. அநேகமாகத் தீங்கற்றதுதான். சிக்கல் அதன் மேலே உள்ள தோலில்தான். அது பல நேரங்களில் விரல் விரலாகக் கீழிறங்கி, அச்சு அசலாகச் செதிள் செல் புற்றுபோல் தோன்றும். மேலோட்டமாகக் கிள்ளிய துணுக்கில் அது மட்டுமே வந்தால், புற்று என்று அறிக்கை போய், நோயாளி தேவையில்லாமல் நாக்கின் ஒரு பகுதியை இழக்க நேரலாம். ஆகவே பயாப்சி, அதாவது சோதனைக்குத் திசு எடுப்பது, அடியிலுள்ள தசைவரை ஆழமாக இருக்க வேண்டும். குருணை குருணையான செல்கள் அங்கேதான் கிடக்கும். எஸ்-100 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் அவற்றை உறுதிப்படுத்தும்.

பல் மருத்துவர்களே, கத்தியை எடுக்கும் முன் ஒரு சோதனை. கட்டி நீலமாகவோ சிவப்பாகவோ இருந்தால் கண்ணாடிச் சில்லால் அழுத்திப் பாருங்கள். வெளிறினாலோ, விரலுக்குத் துடிப்புத் தெரிந்தாலோ வெட்டாதீர்கள். முதலில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். இரத்தக் குழாய்க் கட்டியை பல் நாற்காலியில் வைத்து வெட்டினால் இரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு.

மரப்பு ஊசியைக் கட்டிக்குள் போடாமல் சுற்றிலும் போடுங்கள். இடுக்கியால் நசுக்காமல் ஒரு தையல் போட்டுத் தூக்குங்கள். நசுங்கிய, கருகிய திசுவில் எந்தச் சாயமும் உண்மையைச் சொல்லாது. எடுத்ததை உடனே திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில், திசுவைப் போல் 10 மடங்கு அளவில் மூழ்க வையுங்கள். சலைனில் (உப்பு நீர்) போட்டால் செல்கள் அழுகும், ஸ்பிரிட்டில் போட்டால் சுருங்கும். புட்டிக்கு அகன்ற வாய் வேண்டும். இறுகிய திசு குறுகிய கழுத்து வழியே வெளிவராது. பெயரை மூடியில் எழுதாமல் புட்டியின் மேல் ஒட்டுங்கள், மூடி மாறிப்போகும்.

வெறும் 'கட்டி' என்று எழுதி அனுப்பும் சீட்டு எங்களுக்கு உதவாது. வயது, வாயில் எந்த இடம், எத்தனை மாதமாக, அளவு, நிறம், கர்ப்பிணியா, எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருக்கிறதா என்பவை வேண்டும். ஈறில் ஒரே மாதிரி தெரியும் சிவந்த முடிச்சு, கர்ப்ப காலத்தில் வரும் பையோஜெனிக் கிரானுலோமா என்ற தீங்கற்ற கட்டியாக இருக்கலாம். வேறோர் உறுப்பின் புற்று பரவியதாகவும் இருக்கலாம்.

நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கையில் ஐயம் இருந்தால் மறு பயாப்சிக்கு முன், ஆய்வகத்திலுள்ள, உங்கள் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கூடுதல் சாயச் சோதனைகளைப் பெரும்பாலும் அந்த பிளாக்கிலேயே செய்துவிட முடியும்.

இப்படிக்கு,
வாய் நோயியல் மருத்துவர்கள் சிலர்