ஜார்ஜ் டவுனில் இறங்கினால் தெற்குப் பக்கம் நட

அன்புள்ள கண்ணா,

உங்கள் சுற்றுலாக் கப்பல் நிற்கப்போகிற கரீபியன் தீவு கிராண்ட் கேமனில் அந்தத் திருக்கை மீன் டூருக்கு இன்னும் பணம் கட்டவில்லையே? கட்டாதே. சீட் போய்விடும் என்று நீ நேற்று போனில் அவசரப்பட்டாய், பின்னால் குட்டிப் பையன் வேறு அழுதுகொண்டிருந்தான், அதனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு முடிவு பண்ணு.

திருக்கை டூர் மோசம் என்று சொல்லவில்லை. தீவின் வடக்கே நார்த் சவுண்ட் என்கிற உள்கடலில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணல் திட்டு இருக்கிறது, முன்னொரு காலத்தில் மீனவர்கள் அங்கே படகை நிறுத்தி மீன் கழுவிக் கழிவை வீசுவார்களாம், அதைத் தின்ன வந்த திருக்கைகள் மனுஷன் வாசனைக்கே பழகிப்போய் அங்கேயே தங்கிவிட்டன. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பஸ், அப்புறம் படகு, அப்புறம் உன்னைப் போலவே வந்த நூறு பேர் என்று அரை நாள் போய்விடும், கப்பல் அங்கே நிற்பதே ஒரு பகல்தான். நாங்கள் போனபோது கப்பலில் டூர் விற்கிற மேஜையில் இருந்த பையன், துறைமுகத்துக்குப் பக்கத்தில் பார்க்க ஒன்றுமே கிடையாது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னான். விற்பது அவன் வேலை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் படகு உன்னை இறக்கிவிடுகிற இடத்திலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் பவளப்பாறை.

அந்தத் தீவின் துறைமுக ஊரான ஜார்ஜ் டவுனில் கப்பல் கரையோரம் வந்து ஒட்டாது தெரியுமா? பெரிய கப்பலைக் கட்டி நிறுத்த மேடையே இல்லை. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்கிற சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். மேடை கட்டலாம் என்று வருஷக்கணக்காகப் பேச்சு, சண்டை, வழக்கு. கடைசியில் 2025 ஏப்ரல் 30 அன்று பொதுத்தேர்தலோடு சேர்த்து ஜனங்களிடமே கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டினால் கடலடியைத் தோண்ட வேண்டும், பாறையெல்லாம் போய்விடும் என்பதுதான் எதிர்த்தவர்கள் சொன்ன முக்கியமான காரணம். டெண்டருக்கு வரிசையில் நிற்கும்போது உனக்கு எரிச்சல் வரும், அப்போது இதை நினைத்துக்கொள். இன்னொரு விஷயம், அந்தத் தீவில் ஆறே கிடையாது. வெறும் சுண்ணாம்புப் பாறை, பெய்கிற மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும், சேறும் சகதியும் கடலுக்கு வராது, அதனால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவு.

சரி, வழி சொல்கிறேன். இறங்கியதும் கடலை வலது கையில் வைத்துக்கொண்டு சவுத் சர்ச் ஸ்ட்ரீட்டில் தெற்கே நட. தெருவைத் தாண்டும்போது முதலில் வலது பக்கம் பார், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி, நம்ம ஊர் மாதிரி வண்டிகள் இடது பக்கம்தான் போகும், டொரன்டோ பழக்கத்தில் காலை வைத்துவிடாதே. கொஞ்ச தூரத்தில் ஈடன் ராக் என்கிற பவளப்பாறை இடம் வரும், அதை ஒட்டியே டெவில்ஸ் க்ராட்டோ. மணல் கடற்கரை இல்லை, கரை முழுக்கக் கூர் கூராகக் கறுத்த பாறை, அங்கே அதை அயர்ன்ஷோர் என்பார்கள், வெறுங்காலோடு மிதித்தால் கிழித்துவிடும். தண்ணீருக்குள் இறங்கப் படி உண்டு, தண்ணீருக்குள் பார்க்க மாஸ்க் என்கிற கண்ணாடி, மூச்சு விடக் குழாய், காலில் மாட்டுகிற துடுப்பு எல்லாம் வாடகைக்கும் கிடைக்கும்.

இறங்கி முகத்தைத் தண்ணீரில் வைத்த உடனே கீழே முழு உலகம். அடிமணல் சுமார் 40 அடி ஆழத்தில் இருக்கும், பாறைகள் அங்கிருந்து எழும்பி நமக்குக் கிட்ட வரைக்கும் வருகின்றன, நடுவில் சந்துகள், குகைகள். கீழே அந்தச் சந்துகளுக்குள் டைவர்கள் போவார்கள், அவர்கள் விடுகிற மூச்சு பாறை இடுக்குகள் வழியாகக் குமிழி குமிழியாகக் கசிந்து மேலே வரும். நான் அந்தக் குமிழிகளுக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்தேன், வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டியது, உன் அப்பா பயந்துபோய் என்ன ஆச்சு என்று என் காலைப் பிடித்து இழுத்தார். டார்பன் என்று ஒரு மீன், ஆள் நீளம் இருக்கும், வெள்ளித் தகடு அடித்தாற்போல் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரியும், நிழலில் அசையாமல் நிற்கும், ஒன்றும் செய்யாது. கிளிமீன் கூட்டம் வந்தால் கை கால் அசைக்காமல் காது கொடுத்துக் கேள், பாறையை அது கொறிப்பது பக்கத்து அறையில் யாரோ முறுக்கு கடிக்கிற மாதிரி நொறுக் நொறுக்கென்று கேட்கும். தின்ற சுண்ணாம்பைப் பின்பக்கம் வெள்ளையாகப் புகை போல விட்டுவிட்டுப் போகும், அதுதான் மணலாகிறது. குட்டிப் பையனிடம் இதைச் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பான்.

நேரம் மிச்சமிருந்தால் வடக்குப் பக்கம் காலி என்கிற உடைந்த கப்பல். கரையிலிருந்து நீந்துகிற தூரம்தான், 20 அடி ஆழத்தில் கிடக்கிறது. 1940களில் அரிசி ஏற்றிப் போன சரக்குக் கப்பல், ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்ததும் அரிசி ஊறி உப்பி கப்பலையே பிளக்கிற அளவுக்குப் போய்விட்டது என்று கதை சொல்வார்கள். போகிற வருகிற கப்பல்களுக்கு இடைஞ்சல் என்று பின்னால் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள், இப்போது பாய்லரும் இரும்புத் தகடுகளும் பரவிக் கிடக்கின்றன, சுற்றி மீன். ஆனால் அந்தப் பக்கம் படகுகள் அதிகம். உன் மனைவிக்கு நீச்சல் வராது, அவளை அங்கே கூட்டிப்போகாதே.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், டிவியில் காட்டுகிற மாதிரி சிவப்பும் ஊதாவுமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே. 2014-ல் ஃப்ளோரிடாவில் ஆரம்பித்த ஒரு பவள நோய் 2020-ல் கேமனுக்கும் வந்து சேர்ந்தது, திசுவே உரிந்து போய் வெறும் எலும்பு மிஞ்சுகிற நோய். அது போதாதென்று 2023-ல் கடல் சூடேறி நிறையப் பவளம் வெளுத்தது. மூளை போல மடிப்பு மடிப்பாக இருக்கிற பெரிய பவளங்கள் பலவற்றின் மேல் இப்போது பாசிதான். கடல் விசிறி என்கிற விசிறி போன்ற பவளங்கள் நன்றாக இருக்கின்றன, மீனும் குறையவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. மிச்சமிருப்பதை மிதித்துவிடக் கூடாது, அவ்வளவுதான். களைத்தால் பாறை மேல் நிற்கத் தோன்றும், நிற்காதே, மல்லாந்து மித. தொட்டால் எரிகிற பவளமும் உண்டு. சிங்கமீன் என்று வரி வரியாக அழகாக ஒன்று இருக்கும், அதன் முள்ளில் விஷம், கையை நீட்டக் கூடாது. ஒரு சிப்பி கூட எடுக்கக் கூடாது, 1986-லிருந்தே அங்கே கடல் பூங்காச் சட்டம் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம். தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால் கரையில் நின்று அஞ்சு நிமிஷம் அந்தப் படியையே பார், அலை அடித்துப் படி மறைகிறதா, ஏறி வருகிறவர்கள் தடுமாறுகிறார்களா என்று. தடுமாறினால் அன்றைக்கு வேண்டாம், காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடமேற்குக் காற்று வந்தால் அந்தக் கரையில் அலை நேராக வந்து அறையும், சில நாள் டெண்டரே ஓடாது, தெற்கே ஸ்பாட்ஸ் என்கிற இடத்தில் இறக்குவார்கள், இல்லையென்றால் கேமனை விட்டுவிட்டுக் கப்பல் அப்படியே போய்விடும். உங்களுக்கு மார்ச் கடைசி, பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

குட்டிப் பையனுக்கு ஈடன் ராக் வேண்டாம், கால் எட்டாது. அதே சாலையில் இன்னும் தெற்கே ஸ்மித் கோவ் என்று ஒரு சின்ன மணல் வளைவு இருக்கிறது, டாக்ஸியில் சில நிமிஷம். நிழலுக்கு மரம், கழிப்பறை எல்லாம் உண்டு, இரண்டு பக்கமும் பாறை, நடுவில் மணல், பாறை ஓரத்திலேயே மீன் வரும். உன் மனைவியும் அவனும் அங்கே மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் முகத்தை வைத்துப் பழகட்டும், நீ மட்டும் ஈடன் ராக் போய்விட்டு வா. தனியாக இறங்காதே, யாராவது இறங்கும்போது கூடவே இறங்கு. முதல் சில நிமிஷம் எல்லாருக்கும் மூச்சு முட்டும், குழாயில் மூச்சு விடுவது உடம்புக்குப் பழக்கமில்லாத வேலை. கரையோரமே நின்று மூச்சு நிதானப்பட்ட பிறகு நகரு. நெஞ்சில் என்னவோ செய்கிறது என்றால் வீரம் காட்டாமல் வெளியே வந்துவிடு, உன் வயசும் இருபது இல்லை, உன் மாமனாரும் வருகிறார் என்றாய், அவருக்கும் இதைச் சொல்.

கடிகார விஷயம் அதைவிட முக்கியம். கேமனில் கோடைக்காகக் கடிகாரத்தைத் தள்ளிவைக்கிற வழக்கமே இல்லை. மார்ச் கடைசியில் கப்பல் கிளம்புகிற மயாமியும் உங்கள் டொரன்டோவும் அங்கத்து நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். போனோ தானாகத் தீவு நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் ஒருவேளை மயாமி நேரத்திலேயே ஓடும். கடைசி டெண்டர் எத்தனை மணிக்கு, அது யாருடைய மணி என்று இறங்கும்போதே கேட்டுக்கொள், கையில் சாதாரண வாட்ச் ஒன்று கப்பல் நேரத்தில் கட்டிக்கொள்.

சாப்பாட்டு விலையைப் பார்த்துப் பரவாயில்லை என்று நினைக்காதே, அங்கே எழுதியிருப்பது கேமன் டாலர், அது அமெரிக்க டாலரைவிடப் பெரிசு, நாலு டாலர் என்றால் உன் கையிலிருந்து அஞ்சு போகும். வெயிலுக்கு கிரீமை அப்பிக்கொண்டு தண்ணீரில் கரைப்பதைவிட முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், முழங்காலுக்குப் பின்பக்கம்தான் தீய்ந்துபோகும், அங்கே மறக்காதே.

அப்புறம் மாஸ்க். வாடகை மாஸ்க்கில் பவர் இருக்காது, மூக்குக் கண்ணாடி இல்லாமல் நீ போனால் எல்லா மீனும் ஒரே மீன்தான். அப்பாவுடையது பவர் போட்டது, மைனஸ் நாலு. வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும், விழாமல் ஒட்டி நின்றால் உன் முகத்துக்குச் சரி, மீசையை மட்டும் கொஞ்சம் குறை, அந்த வழியாகத்தான் தண்ணீர் கசியும். உன் பவர் இப்போது எவ்வளவு என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் மெசேஜ் பண்ணு, கிட்டத்தட்ட ஒத்துவந்தால் திங்கட்கிழமையே பார்சலில் போட்டுவிடுகிறேன்.

அம்மா