வாசலை விட்டு நகராத பெருமக்களுக்கு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு போகும் மாலை நேர மின்ரயில்களின் வாசலில் நிற்கும் அன்பர்களே,

வணக்கம். இதையெல்லாம் உங்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். நுங்கம்பாக்கத்தில் நான் ஏறுவதே உங்களில் ஒருவருடைய மார்புக்கும் இன்னொருவருடைய முதுகுக்கும் நடுவில்தான். ஆனால் அந்த நேரத்தில் மூச்சு விடவே முறை வைத்து விடவேண்டியிருக்கிறது. பேச்சுக்கு எங்கே போக? அதனால்தான் இந்த மடல்.

உங்களுக்கு முதலில் ஒரு தகவல். ரயில் பெட்டிக்கு உள்பக்கம் என்று ஒன்று இருக்கிறது. வாசலிலிருந்து நான்கடி தள்ளிப் போனால், இருக்கைகளுக்கு நடுவே தாராளமாக இடம். மேலே வரிசையாகக் கைப்பிடிகள் தொங்குகின்றன. பிடிக்க ஆளில்லாமல் தாமே ஆடிக்கொண்டிருக்கின்றன. மின்விசிறிகூட உண்டு, சில சுற்றவும் செய்யும். இந்தப் பக்கம் ஒரு கூட்டமே ஒற்றைக் காலில் நிற்க, அந்தப் பக்கம் ஒரு பெரியவர் காலை நீட்டிக்கொண்டு வார இதழ் படிக்கிறார். இரண்டும் ஒரே பெட்டி.

உங்களில் பல பிரிவினர் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். காற்று வாங்குவதற்காக நிற்பவர்கள் ஒரு பிரிவு. ஏப்ரல், மே மாதங்களில் இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டாவது பிரிவு கம்பிக்காரர். வாசலின் நடுவே நிற்கும் அந்த ஒற்றைக் கம்பியை, ஏறி இறங்குகிற எல்லோரும் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் வைத்தார்கள். இவர் அதில் முதுகைச் சாய்த்துவிடுவார். கை நுழைக்கப் பார்த்தால், அவர் வீட்டுத் தூணில் எதையோ ஒட்ட வந்தவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. மூன்றாவது பிரிவு கைபேசிக்காரர். ஒரு கையால் தொங்கிக்கொண்டு மறுகையால் கிரிக்கெட் பார்ப்பார். சிக்னலில் வண்டி ஊர்கிறபோது கீழே நின்று கம்பால் தட்டிப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்தக் கும்பல் நம்பியிருப்பது இவரைத்தான்.

நான்காவது பிரிவுக்குத்தான் இந்த மடலின் பெரும்பகுதி. எழும்பூரில் ஏறி வாசலில் நிற்பார். "கொஞ்சம் உள்ள போங்களேன்" என்றால் "நான் இறங்கணும்" என்பார். சேத்துப்பட்டில் இறங்கமாட்டார். கோடம்பாக்கத்தில் இறங்கமாட்டார். மாம்பலத்தில் ரங்கநாதன் தெருவே பைகளோடு ஏறி அவர் மேல் மோதும், அசையமாட்டார். சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை எல்லாம் போகும். பழவந்தாங்கலும் மீனம்பாக்கமும் திரிசூலமும் போகும். அவர் இறங்கவேண்டிய இடம் தாம்பரம். இறங்கணும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. எல்லோரும் என்றாவது ஒருநாள் எங்காவது இறங்கத்தானே வேண்டும்.

இந்த மனிதர் ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு மாலை குரோம்பேட்டையில் நடந்ததைப் பார்த்ததும் விளங்கியது. உள்ளேயிருந்து ஒரு அம்மா, இரண்டு கையிலும் பை, "வழி விடுங்கப்பா, குரோம்பேட்டை" என்று வந்தார். வாசலிலிருந்து உடனே ஒரு குரல்: "முன்னாடியே வந்து நிக்கக் கூடாதா?" இன்னொரு குரல்: "ஸ்டேஷன் வந்தப்புறம்தான் எந்திரிப்பாங்க." வண்டி நிற்பது அரை நிமிடம். அதில் பாதி இந்த அறிவுரைக்கே போய்விட்டது. அவர் இறங்கியபோது ஒரு பை பிளாட்பாரத்திலும் ஒரு செருப்பு பெட்டியிலும் இருந்தன. செருப்பை யாரோ ஜன்னல் வழியாக எறிந்தார்கள், அது வேறு விஷயம்.

அந்த அம்மா இனிமேல் எப்போதாவது உள்ளே போவார் என்று நினைக்கிறீர்களா? மாட்டார். அடுத்த முறை மாம்பலத்திலேயே வாசலில் நிற்பார். கேட்டால் "நான் இறங்கணும்" என்பார். ஆக, கூட்டம் அதிகமானதால் மட்டும் இந்த வாசல் அடைபடவில்லை. உள்ளே போனால் நம் ஸ்டேஷனில் நம்மை விடமாட்டார்கள் என்ற பயம்தான் ஒவ்வொருவரையும் படிக்கு அருகில் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தப் பயத்தைத் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது "முன்னாடியே வரக் கூடாதா" என்கிற நீங்கள்தான். பிறகு நீங்களே "என்ன கூட்டம், என்ன கூட்டம்" என்று சலித்துக்கொள்கிறீர்கள்.

இந்தத் தடத்துக்கு வயது குறைவில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லேயே மின்ரயில் விட்டுவிட்டார்கள். அப்போதெல்லாம் மீட்டர் கேஜ்; பெட்டி குறுகல், ஆகவே நெரிசல் என்றார்கள். 2004-ல் அந்த வண்டிகள் ஓய்வு பெற்று எல்லாமே அகலப் பாதை ஆயின. பெட்டி அகலமானது, வாசலும் அகலமானது. கூடக் கிடைத்த அகலத்தில் கூடுதலாகச் சிலர் நின்றுகொண்டார்கள். பெட்டிகளைக் கூட்டினார்கள், ஒன்பது பன்னிரண்டு ஆனது. வாசலும் கூடியது, வாசல்காரர்களும் கூடினார்கள். எந்தப் பொறியாளராலும் உங்களை வெல்ல முடியவில்லை.

2025 ஏப்ரலில் வந்த குளிர்சாதன மின்ரயில்தான் உங்களுக்கு முதல் சவால். அதில் கதவு தானாக மூடிக்கொள்ளும். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய்; சாதாரண வண்டியில் 5 ரூபாய். அந்த முப்பது ரூபாய் வித்தியாசம் குளிருக்கு என்று நினைத்து ஒருமுறை ஏறிப் பார்த்தேன். கதவு மூடியது. மூடிய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நான்கு பேர் நின்றார்கள். காற்று இல்லை, வேடிக்கை இல்லை, தொங்க வழியில்லை. அப்படியும் நின்றார்கள். அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

நடுவில் ஒன்றைச் சிரிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூலையில் பரங்கிமலையில், வழக்கமான தடத்தில் கோளாறு என்று வேறு தடத்துக்குத் திருப்பப்பட்ட வண்டியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பக்கச் சுவரில் மோதி இறந்துபோனார்கள். அவர்களும் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே போய்வந்தவர்கள்தான். ரயில்வே சட்டம் 1989, 156-வது பிரிவின்படி, ஊழியர் எச்சரித்த பிறகும் படியில் பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்த நெரிசலில் எச்சரிக்க வேண்டிய ஊழியர் பெட்டிக்குள் ஏறவே உங்களைத் தாண்டித்தான் வரவேண்டும். எனவே சட்டத்தை நம்பிப் பயனில்லை. நாமே ஒரு ஏற்பாட்டுக்கு வருவோம்.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்களிடம் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு ஓடுவதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், உள்ளே வந்தால்தானே. ஒருவர் வந்து இருக்கைக்கு எதிரே நின்று, "எங்க சார் இறங்குவீங்க?" என்பார். "பல்லாவரம்." அவ்வளவுதான், அந்த இடம் அவருக்கு எழுதி வைத்தாயிற்று. பந்தியில் சாப்பிடுகிறவர் இலைக்குப் பின்னால் போய் நிற்பதுபோலத்தான், கொஞ்சம் கூச்சமான காரியம். ஆனாலும் ரசீது இல்லை, சாட்சி இல்லை, பல்லாவரம் வந்ததும் இடம் கைமாறிவிடும். நடுவில் யாராவது புகுந்தால் உட்கார்ந்திருப்பவரே எழாமல், "அவர் முன்னாடியே சொல்லிட்டாருங்க" என்று தீர்ப்புச் சொல்வார். இதே ஆட்கள்தான் நாமும். இருக்கைக்கு முடிகிற நாணயம் வாசலுக்கு ஏன் முடியாது?

நான் கேட்பது இதுதான். தாம்பரமும் அதற்கு அப்பாலும் போகிறவர்கள் ஏறியதும் உள்ளே நடந்துவிட வேண்டும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், என்னுடைய கூடுவாஞ்சேரி, அப்புறம் சிங்கப்பெருமாள்கோயில்காரர்கள் எல்லாம் இதில் சேர்த்தி. சைதாப்பேட்டை, கிண்டி ஆட்கள் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். கிண்டியில் இறங்குகிறவர்களைவிட ஏறுகிறவர்கள் பெரிய படை என்பதால் அவர்களுக்கு அந்தச் சலுகை. பல்லாவரமும் குரோம்பேட்டையும் நடுவில். தாம்பரம் வந்தால் பாதி வண்டி காலியாகிவிடும். அதன் பிறகு ஆசை தீர வாசலில் நின்று காற்று வாங்குங்கள், படியில் மட்டும் வேண்டாம்.

பதிலுக்கு உள்ளே இருக்கும் எங்கள் பங்கு: ஒருவர் தன் ஸ்டேஷன் பெயரைச் சொன்னால் ஒதுங்கி வழி விடுவோம். முன்னாடியே ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டோம். மீறிக் கேட்பவரை அடுத்த ஸ்டேஷன்வரை நடுக்கம்பிக்காரருக்கும் மாம்பலத்துப் பைகளுக்கும் நடுவே நிறுத்துவோம்.

சம்மதமென்றால் வரும் திங்கட்கிழமையிலிருந்து தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பராமரிப்பு வேலை என்று வண்டி வராமலே போனாலும் போகும்.

இப்படிக்கு,
நுங்கம்பாக்கத்தில் ஏறி கூடுவாஞ்சேரியில் இறங்கும் ஒருவன்

பி.கு.: முதுகில் பை மாட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளவும். நீங்கள் திரும்பும்போது உங்கள் பின்னால் இருப்பவரும் திரும்பவேண்டியிருக்கிறது.