வினைமுற்றில் விடுபட்டவர்

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ வாட்ஸ்அப்பில் மலையாளத்தில் அனுப்பியிருந்த செய்தியை உன் அம்மாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டேன். ‘இன்னலெ வந்நு, ஸம்ஸாரிச்சு, போயி’ என்று, அதாவது நேற்று வந்து, பேசி, போனதாக எழுதியிருந்தாய். வந்தாரா, வந்தானா, வந்தார்களா? எதைச் சொன்னாலும் நீ சொல்லாத ஒன்றை நான் சேர்த்ததாகிவிடும் என்பதால், ‘வந்தாங்களாம்’ என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். ‘யாரு?’ என்று கேட்டாள். கறவைக்காரர் வந்ததால் தப்பித்தேன்.

மலையாள வினைமுற்றில் திணையும் பாலும் இடமும் தெரிவதில்லை என்பது உனக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. ‘ராமசரிதம்’ போன்ற பழைய மலையாள நூலில் விகுதிகள் இருக்கின்றன. பின்னால் அவை உதிர்ந்துபோயின. ஏ.ஆர். ராஜராஜ வர்மா ‘கேரளபாணினீயம்’ என்ற மலையாள இலக்கண நூலில் மலையாளம் தனிமொழியானதற்குக் காட்டும் ஆறு மாற்றங்களில் ‘புருஷபேதநிராஸம்’, அதாவது இட வேறுபாட்டை விட்டுவிடுதல், என்று இதனையும் வைக்கிறார். அதனால் மலையாளத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ‘அவர்’ என்றோ ‘அவன்’ என்றோ எழுவாயை முன்னால் வைத்துவிட்டால் ஐயமே வராது. நீ அதையும் வைக்கவில்லை.

எங்கள் பள்ளித் தமிழ்ப் பிரிவில் ‘அப்பா போனார்’ என்பதை மலையாள வழக்கில் ‘அப்பா போயி’ என்று எழுதாத பிள்ளை குறைவு. நீ ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. சென்ற ஆண்டு ஒரு மலையாளச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, இரவில் கதவருகே வந்து நிற்பது ஒரு பெண் என்பதை ஆசிரியர் கடைசி வரியில்தான் வெளிப்படுத்துகிறார், தமிழ் விகுதியோ முதல் வரியிலேயே குட்டை உடைத்துவிடுகிறதே என்று தொலைபேசியில் நொந்துகொண்டாய். பிறகு நீயாகவே ‘உருவம்’ என்று எழுவாய் வைத்து, ‘நின்றது’ என்று முடித்து அனுப்பியதைத் தமிழாசிரியர் சங்கக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் படித்துக் காட்டினேன். பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பது வேறு. அவ்வளவு நுணுக்கம் தெரிந்தவள் பெற்றவர்களுக்கு எழுதும்போது எழுவாயை மறந்திருப்பாள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தமிழிலும் மறைக்கலாம். உன் அம்மா இன்றுவரை ‘சாப்பிட்டாச்சா’, ‘கிளம்பலாமா’ என்றுதான் என்னிடம் பேசுகிறாள். என்னை எப்படி விளிப்பது என்ற சங்கடமே அவளுக்கு வந்ததில்லை. ஆனால் யாரைக் கேட்கிறாள் என்பதில் எனக்கு ஐயம் வந்ததில்லை.

ஆகவே தமிழில் எழுது. பொங்கலுக்கு நீ மட்டும் வந்து போனதைப் பற்றியோ, சங்கிலியைப் பற்றியோ நான் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றியும் கேட்கவில்லை. இரண்டு வரியானாலும் போதும், தமிழில் எழுது. ‘வந்தார்’ என்று இருந்தால் ஒன்று புரிந்துகொள்வோம், ‘வந்தான்’ என்று இருந்தால் வேறொன்று, இரண்டையும் தாங்கிக்கொள்வோம். வேளைக்குச் சாப்பிடு. எழுதுவதைத் தமிழில் எழுது.

ஓண விடுமுறைக்கு வருவாய் என்று அம்மா முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்திருக்கிறாள். பெரிய அறையை ஒழிக்க வேண்டுமா, உன் பழைய அறையே போதுமா என்று கேட்கிறாள். வருவது எத்தனை பேர் என்று எழுது.

அன்புடன்,
அப்பா